மக்ரூன் வைத்த ஏத்தன் பழம்

மரியானுக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் அவர் முப்பத்தோரு வருடம் தோணியில் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். தூத்துக்குடியில் வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போகிற தோணி. தோணியை ஓட்டுகிற தண்டலோடு சேர்த்துப் பதினோரு பேர். பதினோரு வயிற்றுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு புளி என்பது அவர் கைக்குத்தான் தெரியும், வாயால் கேட்டால் சொல்லத் தெரியாது. முழங்கால் தேய்ந்து அவர் கரையேறி இரண்டு வருடமாகிவிட்டது. கை மட்டும் இன்னும் கரையேறவில்லை.

மனைவி ஹில்டா இருந்தவரைக்கும் அவரை அடுப்புப் பக்கம் அண்டவிடவில்லை, அதனால் இந்தக் குறை வெளியே தெரியாமல் இருந்தது. போன தை மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து ஆலந்தலைக் கடற்கரையில் இருந்த அந்த வீட்டில் தினமும் பத்து ஆள் சோறு மிஞ்சியது. தெரு நாய்கள் நன்றாகக் கொழுத்தன. பக்கத்து வீட்டுக்காரி முதல் வாரம், “என்ன அண்ணே, வீட்டுல விருந்தா?” என்று கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டபோது எரிச்சலாக இருந்தது, கேட்காமல் விட்டது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மரியான் கடற்கரையில், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பைபர் படகின் மறைவில் குந்திக்கொண்டு மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார். ஞாயிறு என்பதால் ஊரில் யாரும் கடலுக்குப் போகவில்லை, கரையிலும் ஆள் இல்லை. பக்கத்தில் தேங்காய்த் தொண்டு ஒரு சாக்கு, காய்ந்த பனை மட்டை நாலு, ஒரு கட்டு வாழை இலை, நேந்திரம் என்கிற ஏத்தன் பழம் ஒரு சீப்பு. ஐந்தரை மணிக்கு அவருடைய மகள் விஜிலாவும் மருமகன் சிவபாலனும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மகளோடு முகம் பார்த்துப் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும். விஜிலா உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்கிற சிவபாலனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மறுநாள் காலையில் இரண்டு பேருமாக வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மரியான் அப்போதுதான் தோணியை விட்டு இறங்கி வந்திருந்தார். கோயிலில் பங்குச் சாமியார் மந்திரிக்காத கல்யாணம், அதுவும் ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு தகப்பனுக்குத் தெரிகிறது. மனுஷன் நடையில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் நிலையில் ஊன்றி, வழியை மறித்தார். “நீ மட்டுமில்ல. ஒனக்குப் பொறக்கறதுகூட இந்த நடையில கால் வைக்கப்பிடாது” என்றார். ஹில்டா ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன செய்ய, சொல் வெளியே போயாயிற்று.

விஜிலாவுக்கு இந்த ஆறு வருடத்தில் பிள்ளை பிறக்கவில்லை.

மரியான் இதை யாரிடமும் பேசியதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட, “கோபத்துல பேசிட்டேன் சாமி” என்றுதான் சொல்வாரே தவிர என்ன பேசினார் என்று சொன்னதில்லை. ஆனால் மாலத்தீவுக் கடலில் தோணி நின்ற ராத்திரிகளில் அவருக்கு அந்தச் சொல்தான் காதில் கேட்கும். தன் வாய் மகளின் வயிற்றை அடைத்துவிட்டதாகவே அவர் நம்பினார். டாக்டர் வேறு காரணம் சொல்லியிருப்பார், அது அவருக்குத் தெரியாது. ஹில்டா அடக்கத்துக்கு விஜிலா வந்தாள். கோயிலுக்கு வந்தாள், கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள், தாயின் பெட்டியைத் தொட்டு முத்தம் கொடுத்தாள். வீட்டுக்கு வராமல் அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

போன வாரம் சிவபாலன்தான் போன் பண்ணினான்.

“மாமா, நான் சிவபாலன் பேசுதேன். குலசைத் தசராவுக்கு மால போட்டிருக்கேன். காளி வேஷம் கட்டுதேன், பிள்ள வரத்துக்கு நேந்து. பெத்தவங்க மனசுல கசப்பு இருந்தா நேந்தது பலிக்காதுன்னு எங்கம்மா சொல்லுதாவ. ஒங்க கையால துன்னூறு பூசாட்டாலும் பரவால்ல, தலையில கைய வச்சு ஒரு வார்த்த சொல்லணும்.”

“வீட்டுக்கு வாங்க மாப்ள” என்றார் மரியான். மாப்ள என்று அவனை அழைத்தது அதுதான் முதல் தடவை.

போனில் பின்னால் விஜிலாவின் குரல் லேசாகக் கேட்டது. அப்புறம் சிவபாலன், “கடக்கரையில பாப்போம் மாமா. அவ அங்கன வரமாட்டேங்கா” என்றான். “சாப்பாடு ஒண்ணும் செஞ்சிராதீங்க. எனக்கு ஒருநேரம்தான் சோறு, அதும் நானே பொங்கித் திங்கணும். பழம், எளநீன்னா பாதகம் இல்ல.”

பண்டாரியிடம் போய்ச் சாப்பாடு செய்யாதே என்றால் அவர் என்ன செய்வார்? இரண்டு நாள் தூக்கமில்லை. வெறும் பழத்தை உரித்துக் கையில் கொடுக்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. அது பஸ் ஸ்டாண்டில் யாரும் யாருக்கும் செய்வது. ஆனால் வீட்டில் ஏதாவது செய்யலாம் என்றால், அந்த வீட்டில் மீன் படாத பாத்திரம் ஒன்று கிடையாது. சட்டி, அகப்பை, குடம், அம்மி, எல்லாம் பரம்பரையாக மீன் கண்டவை. அப்போதுதான் தோணியில் செய்கிற ஒரு வேலை ஞாபகம் வந்தது. மணல் பெட்டியில்தான் தோணி அடுப்பு. சட்டிகள் எல்லாம் சோற்றிலும் குழம்பிலும் மாட்டிக்கொண்ட நாளில் பண்டாரி ஏத்தன் பழத்தைக் கீறி, உள்ளே இனிப்பு வைத்து, இலையில் சுற்றித் தணலில் புதைத்துவிடுவார். பாத்திரமே வேண்டாம். பழத்துக்கு அதன் தோல்தான் சட்டி. விரதக்காரனுக்கு இதைவிடச் சுத்தமாக எதுவும் செய்ய முடியாது என்று தோன்றியதும் மரியான் எழுந்து உட்கார்ந்து, இருட்டில் தனியாகச் சிரித்தார்.

அதற்கப்புறம் அவர் எடுத்த பிரயத்தனத்தைப் பார்த்தால் காளி வேஷம் அவர்தான் கட்டப்போகிறாரோ என்று நினைக்கத் தோன்றும். மூன்று நாள் மீனைக் கையால் தொடவில்லை. ஆத்தூர்ச் சந்தையில் பன்னிரண்டு பழம் உள்ள சீப்பாகப் பார்த்து வாங்கினார். திருச்செந்தூரில் புதுக் கத்தி வாங்கினார். முந்திரிப் பருப்பும் ஏலக்காயும் பாக்கெட்டாக வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சைவத்துக்கான பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார். தேங்காயைக் கடற்கரைக் கல்லில் உடைத்தார். துருவி வீட்டில் இருந்தது, ஆனால் அது எத்தனை மீன் குழம்புக்குத் தேங்காய் துருவியதோ. வேண்டாம் என்று புதுக் கத்தியாலேயே தேங்காயைப் பொடிப்பொடியாகக் கொத்தினார். அதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கருப்பட்டி மட்டும் அவர் வாங்கவில்லை. வருடாவருடம் சீசனில் சிவபாலன் ஓர் ஓலைப்பெட்டி கருப்பட்டி அனுப்புவான். ஹில்டா அதைப் போட்டுக் காபி குடிப்பாள், மரியான் வீம்புக்குச் சீனிக் காபி குடிப்பார். இந்த வருடப் பெட்டி பிரிக்காமலே பரணில் இருந்தது. அதை இறக்கிப் பிரித்தபோது வந்த வாசத்தில், ஆறு வருடம் சீனிக் காபி குடித்த தன்னை நாலு அறை அறையலாமா என்று இருந்தது அவருக்கு.

கடைசியாக மக்ரூன். அன்று காலை முதல் பூசை முடிந்ததும் பஸ் ஏறித் தூத்துக்குடி போய், பேக்கரியில் ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பினார். தோணி கரை பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டுக்கு மக்ரூன் இல்லாமல் வந்ததில்லை. விஜிலா சின்னதில் அந்த வெள்ளைக் கூம்பை முதலில் நுனியில் நக்குவாள், அப்புறம் உள்ளங்கையில் வைத்து நொறுக்கி, பொடியை வாழைப்பழத்தில் தொட்டுத் தின்பாள். பழத்துக்குள் மக்ரூன் என்பது அவள் கண்டுபிடித்ததுதான். தோணியில் மற்ற பத்துப் பேருக்கும் அது பண்டாரியின் கைமணம் என்று பேர் ஆகிவிட்டது.

குழியில் தேங்காய்த் தொண்டுகளைப் போட்டு, மேலே பனை மட்டையை முறித்து வைத்துப் பற்றவைத்தார். காற்று அதிகமில்லை. தீ எரிந்து அடங்கித் தணலாவதற்குள் பழங்களை எடுத்தார். தோலை உரிக்காமல், உள்வளைவுப் பக்கமாக நுனியிலிருந்து காம்பு வரை ஒரு கீறல். அடித்தோல் அறுந்துவிடக் கூடாது. இரண்டு கட்டைவிரலாலும் மெள்ள விரித்தால் பழம் வாயைத் திறக்கும். அதற்குள் நசுக்கிய கருப்பட்டி, தேங்காய், முந்திரி, ஏலக்காய், எல்லாவற்றுக்கும் மேலே கை நிறைய நொறுக்கிய மக்ரூன். திணித்து, வாயை மூடி, தீயில் காட்டி வாட்டிய இலையில் சுற்றி, வாழை நாரால் இரண்டு கட்டு. இவ்வளவுதான் வேலை. சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

பதினோரு பழம் முடிந்ததும் கை தானாக நின்றது. பன்னிரண்டாவது பழம் சரியாகப் பழுக்காமல் கொஞ்சம் பச்சைவெட்டாக இருந்தது, அதை ஒதுக்கிவைத்தார். வரப்போவது இரண்டு பேர், தன்னையும் சேர்த்தால் மூன்று. பதினோரு பொட்டலத்தைப் பார்த்து அவருக்கே வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் கட்டியதை அவிழ்க்க முடியுமா? எல்லாவற்றையும் தணல் ஓரத்தில் வரிசையாகப் புதைத்தார். ருசி பார்க்கவில்லை. பண்டாரி ருசி பார்க்காமல் இறக்குவது கிடையாது, ஆனால் விரதக்காரனுக்கு எச்சில் ஆகக் கூடாதென்று நாக்கை அடக்கிக்கொண்டார்.

ஐந்து மணி. கோயில் கோபுரத்தின் நிழல் நீண்டு மணலில் படகு வரைக்கும் வந்திருந்தது. மரியான் படகில் சாய்ந்துகொண்டு, மகளிடம் சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். “அம்மா விஜிலா, அன்றைக்கு நான் கோபத்தில் சொன்ன வார்த்தையைக் கடவுளுக்கு முன்னால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.” சாமியார் பிரசங்கம் மாதிரி இருந்தது. வேறு மாதிரி சொல்லிப் பார்த்தார். அது கெஞ்சுகிற மாதிரி இருந்தது. கெஞ்சினால்தான் என்ன, என்றும் தோன்றியது. பக்கத்தில் ஹில்டா இருந்தால் இரண்டு வார்த்தையில் எடுத்துக் கொடுத்திருப்பாள். இத்தனை பெரிய கடற்கரையில் இப்படிச் சொல் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

குப்பையைத் தீயில் போடலாம் என்று முந்திரி பாக்கெட்டையும் மக்ரூன் பெட்டியையும் எடுத்தார். பெட்டியைத் தணலில் வைத்ததும் ஒரு பக்கம் கறுத்துச் சுருண்டது. மூடியின் மூலையில் ஒரு சின்னச் சதுரம், அதற்குள் பழுப்பு நிறத்தில் ஒரு முக்கோணம். முந்திரி பாக்கெட்டில் இருந்தது பச்சை. இது பச்சை இல்லை.

மரியானுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது.

முட்டை.

முந்திரியையும் சீனியையும் முட்டையின் வெள்ளைக்கருவில் போட்டு அடித்தால்தான் மக்ரூன். தூத்துக்குடியில் பிறந்த எவருக்கும் தெரிந்த விஷயம் இது. அவருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். பேக்கரிகளில் மிஞ்சுகிற மஞ்சள்கருவை வாளியில் வாங்கிவந்து, வெங்காயம் போட்டுப் பொரித்துத் தோணி ஆட்களுக்குக் கொடுத்தவரே அவர்தான். அப்படியும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் சுத்தபோசனம் என்றால் அவருக்கு ஆடு கோழி ஆகாது, அவ்வளவுதான். அந்த நாட்களில் வீட்டில் முட்டைக் குழம்புதான் வைப்பார்கள். மருமகனுக்காக மீனையும் சேர்த்து விலக்கியதே தான் பெரிய காரியம் செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. முட்டையை விலக்கவேண்டும் என்று அந்த மண்டையில் ஏறவே இல்லை. அதுவும் மக்ரூனில் இருக்கிற முட்டையை.

பிள்ளை வரத்துக்காக முப்பது நாளுக்கு மேல் ஒருநேரச் சோறு தின்று மாலை போட்டிருக்கிறான் ஒருத்தன். அவன் விரதத்தை முறிக்கப் பதினோரு பழத்தை இலையில் சுற்றித் தயாராக வைத்திருக்கிறார் மாமனார். ஒரு தடவை வாயால் கெடுத்தது போதாதென்று இப்போது கையாலும்.

சொல்லாமல் விட்டால் என்ன என்ற நினைப்பு வராமல் இல்லை. வந்தது. கருப்பட்டி உருகி எல்லாவற்றோடும் கலந்திருக்கும். அவன் தின்பான், நல்லாருக்கு மாமா என்பான். மகள் முகம் கொஞ்சம் தெளியும். தெரியாமல் தின்றது தோஷமில்லை என்று எங்கோ கேட்ட மாதிரிகூட இருந்தது. ஆனால் பிறகு பிள்ளை பிறக்காமல் போனால்? இந்தக் கடற்கரையில், அந்தச் சொல்லோடு இதையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவரால் ஆகாது. அவ்வளவு இடம் அவருக்குள் இல்லை.

எழுந்து கடலுக்குப் போய், மணலை அள்ளி முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். திரும்பிவந்து அந்தப் பன்னிரண்டாவது பழத்தை எடுத்தார். கத்தியில் மக்ரூன் பட்டிருந்ததால் கத்தியைத் தொடவில்லை. கீறாமல், ஒன்றும் வைக்காமல், அப்படியே புது இலையில் சுற்றி, தணலின் மறுகோடியில் தனியாகப் புதைத்தார். அந்தப் பக்கம் பைக் சத்தம் கேட்டது.

சிவபாலன் சிவப்பு வேட்டியில், தாடியோடு, மெலிந்து கறுத்திருந்தான். வந்ததும் மணலில் விழுந்து அவர் காலைத் தொட்டான். மரியான் அவன் தலையில் கையை வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அதற்காகத்தான் வந்திருக்கிறான். “நல்லாரும்” என்றார்.

விஜிலா பத்தடி தள்ளி நின்றாள். முன்னைவிடக் கொஞ்சம் பருத்திருந்தாள். ஹில்டாவின் மூக்கு அவளுக்கு அப்படியே இருந்தது, அதை அவர் முன்பு கவனித்ததில்லை.

“எப்படி இருக்கிய?” என்றாள்.

“இருக்கேன்ளா.”

“முட்டு வலி?”

“இருக்கு.”

சிவபாலன் தணல் பக்கம் குந்தினான். பசியில் இருப்பவன் என்று பார்த்தாலே தெரிந்தது. “என்ன மாமா இது, வாசம் தூக்குது” என்று சிரித்துக்கொண்டே ஒரு குச்சியால் பொட்டலம் ஒன்றை வெளியே உருட்டினான். நாரை அவிழ்க்கப் போனான்.

“அதத் தொடாதீங்க மாப்ள.”

குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. சிவபாலன் கையை இழுத்துக்கொண்டான்.

“அதுல மக்ரூன் வச்சிட்டேன். முட்டைய நான் நெனைக்கவே இல்ல. வச்சுக் கட்டுன பொறவுதான் தெரிஞ்சுது. இந்தக் கோடியில ஒண்ணு தனியா இருக்கு. அதுல ஒண்ணும் இல்ல, வெறும் பழம். அத நீங்க திங்கலாம்.”

விஜிலாதான் பேசினாள், சத்தம் போடாமல்.

“வேணும்னே செஞ்சியாப்பா?”

ஆறு வருடத்துக்குப் பிறகு மகள் அப்பா என்று கூப்பிட்டது அப்படி ஒரு கேள்விக்குள் இருந்தது. இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். நடையில் நின்று அன்றைக்கு அப்படிப் பேசினவன், இன்றைக்கு இல்லை என்றால் அவள் ஏன் நம்பவேண்டும்? அவருக்கே அதில் நியாயம் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அவள் திரும்பி பைக் பக்கம் போய், சீட்டில் சாய்ந்து இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

சிவபாலன் போகவில்லை. மறுகோடியில் இருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, சூடான தோலை உரித்துத் தின்ன ஆரம்பித்தான். பச்சைவெட்டான பழம், வெந்தும் வேகாமலும் துவர்த்திருக்கும். அவன் முகம் சுளிக்கவில்லை. தின்றுகொண்டே சுற்றும் பார்த்தான். ஸ்டிக்கர்கூட உரிக்காத புதுக் கத்தி. இலையில் மீந்திருந்த தேங்காய்த் துண்டுகள். பக்கத்தில் அவன் கடை ஓலைப்பெட்டி. பாத்திரம் என்று ஒரு தட்டுகூட இல்லை.

“தேங்காயத் துருவலயா மாமா?”

“துருவி இருக்கு மாப்ள. மீன் பொழங்குன வீட்டுத் துருவி. ஒங்களுக்கு ஆகாதுல்லா.”

“கத்தியால கொத்துனீங்களா?”

“ஆமா.”

“சட்டி?”

“அதுக்காவத்தான் இங்கன தீ போட்டேன். தோலுக்குள்ளயே வெந்துரும்லா. எல்லாம் பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன் மாப்ள.” மரியானுக்குக் குரல் உடைந்தது. “மக்ரூன் அவளுக்குன்னு வாங்குனது. அவளுக்குப் பிடிக்கும்னுதான் நெனப்பு ஓடுச்சு. ஒங்களுக்கு ஆவாதுன்னு அந்த நேரம் ஓடல.”

சிவபாலன் பைக் பக்கம் பார்த்தான். காற்று அந்தப் பக்கமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது, பேசியதெல்லாம் கேட்டிருக்கும்.

கொஞ்சம் கழித்து விஜிலா வந்தாள். யாரையும் பார்க்காமல் மணலில் உட்கார்ந்து, சிவபாலன் உருட்டிவிட்ட பொட்டலத்தை எடுத்து நாரை அறுத்தாள். தோல் கரியாகக் கறுத்திருந்தது. விரித்ததும் உள்ளே கருப்பட்டி பாகாக உருகி, அதன்மேல் மக்ரூன் பொன்னிறத்தில் ஒட்டிக்கொண்டு ஆவி பறந்தது. விரலால் எடுத்து வாயில் போட்டாள். சூடு தாங்காமல் வாயைத் திறந்து ஊதினாள், மறுபடியும் எடுத்தாள்.

“நான் மால போடல” என்றாள் பொதுவாக.

ஒன்று முடிந்து இரண்டாவதைப் பிரித்தாள். அதுவும் முடிந்தது. மரியான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை மக்ரூன் துண்டை முதலில் நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தின்றது.

கை முழுக்கக் கருப்பட்டி பிசுபிசுத்தது. “தண்ணி இருக்கா?” என்று கேட்டாள்.

மரியான் தண்ணீர் கொண்டுவரவில்லை. வீட்டுக் குடத்தை எடுக்க மனசில்லாமல் விட்டுவந்திருந்தார். வீடு அங்கிருந்து நூறு எட்டுகூட இருக்காது, திறந்து கிடந்த நடை அங்கிருந்தே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பிறகு எழுந்து கடலுக்குப் போனாள்.

அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்னாலேயே போனார். அலையில் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் நின்றார். படகில் சாய்ந்துகொண்டு சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

“ஏளா விஜி. அன்னைக்கி நடையில நின்னு ஒண்ணு சொன்னேம்லா. அது என்னைய உள்ள இருந்து தின்னுதுளா. ஒங்கம்மாட்டகூட சொல்லல.” மூச்சு வாங்கியது. “பிள்ள பொறந்தா நம்ம நட வழியாத்தான் வரணும். நீ வராட்டாலும் பரவால்ல. அது வரணும்.”

அவள் திரும்பவில்லை. கையை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவினாள். கழுவ ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் கழுவினாள். தோள் லேசாகக் குலுங்கியது. மரியான் கையை நீட்டி, தொடலாமா என்று தெரியாமல், மடக்கிக்கொண்டார்.

சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் தணலுக்குத் திரும்பி வந்தாள்.

“மிச்சத்தக் கட்டிக் குடுப்பா” என்றாள்.

“எல்லாத்தையுமா? ஒம்பது இருக்கே. மாப்ள திங்கமாட்டாரே.”

“கடையில வேல பாக்குற பிள்ளைய இருக்கு. எங்கப்பா செஞ்சதுன்னு சொல்லிக் குடுப்பேன்.”

மரியான் தணலைக் கிளறி ஒவ்வொன்றாக எடுத்து, சாம்பலைத் தட்டி, இருந்த இலையில் எல்லாம் சுற்றிக் கட்டினார். நார் போதவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முடிச்சுப் போட்டார்.

சிவபாலன், “மாமாவுக்கு ஒண்ணு வையி விஜி” என்றான்.

“அவிய மறுபடியும் செய்வாவ” என்று சொல்லிவிட்டு அவள் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. எப்போது வருவாள் என்றும் சொல்லவில்லை. பைக் மணலில் கொஞ்சம் திணறி, ரோட்டில் ஏறி, உடன்குடிப் பக்கம் போயிற்று. கடைசிவரை அவள் சேலையின் சிவப்புத் தெரிந்துகொண்டிருந்தது.

மரியான் குழிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக அவரோடு கூடவே வருகிற இரண்டு நாய்கள் வந்து, மோந்து பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் அவர் முகத்தைப் பார்த்தன. “இன்னைக்கி இல்லலே. எல்லாம் தீந்துபோச்சு” என்று அவற்றிடம் சொன்னார். விஜிலா பிரித்துப் போட்ட இலையில் கருப்பட்டிப் பாகும் கொஞ்சம் மக்ரூன் பொடியும் ஒட்டியிருந்தன. விரலால் வழித்து நாக்கில் வைத்தார். இனிப்பு ஒரு துளி கூடிவிட்டது, அடுத்த தடவை கருப்பட்டியைக் குறைக்கவேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.